நூற்றில் ஆறு: பக்கவாதச் சிகிச்சையின் அபாயத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

பக்கவாதத்துடன் ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்த சிறிது நேரத்துக்குள், அவருடைய மனைவியிடமோ மகனிடமோ ஒரு தாளை நீட்டுவார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்கான ஒப்புதல் படிவம் அது. இந்த மருந்தால் ஏறத்தாழ நூற்றில் ஆறு பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம், சிலருக்கு உயிராபத்தும் நேரலாம் என்று அதில் எழுதியிருக்கும். எழுதாவிட்டால் மருத்துவர் வாயால் சொல்வார். அவர் சொன்ன பத்து வாக்கியங்களில் குடும்பத்தாரின் காதில் நிற்பது அந்த ஒன்றுதான். "யோசிச்சுச் சொல்றோம் சார், ஊர்ல இருந்து பெரியப்பா கிளம்பிட்டாரு, அவர் வந்துடட்டும்" என்ற பதில் அடிக்கடி வருகிறது. கல்யாணப் பேச்சுக்கும் நிலம் வாங்குவதற்கும் பொருந்துகிற இந்த நிதானம் இங்கே ஏன் பொருந்துவதில்லை என்பதையும், அந்த ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது, அதை எதோடு வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும், மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூளைக்குள் நடப்பது

மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் ஓய்வாக இருக்கும் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. மிச்சம் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் அதற்கு இல்லை. அந்தந்த நொடிக்கு வந்துசேரும் ரத்தமே அதற்கு வாழ்வு. அந்த வரத்து ஓரிடத்தில் திடீரென்று தடைப்படுவதைத்தான் நாம் பக்கவாதம் என்றும், இலங்கையில் பாரிசவாதம் என்றும், மருத்துவமனையில் ஸ்ட்ரோக் என்றும் சொல்கிறோம். தடைப்படுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தமனிக்குள் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. மற்றொன்று, தமனி வெடித்து ரத்தம் மூளைக்குள் கசிவது. அடைப்பே அதிகம் பேருக்கு வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்: வாய் கோணும், கை தொய்யும், பேச்சு குழறும். சிகிச்சையோ நேர் எதிர். ஒன்றில் கட்டியைக் கரைக்க வேண்டும், மற்றொன்றில் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த முரண்தான் அடிப்படை.

அடைப்பு நேர்ந்த உடனேயே அந்தப் பகுதி முழுவதும் செத்துவிடுவதில்லை. நூறு கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் ரத்தம் பாய்வது இயல்பு. இது 20க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடும், ஆனால் உயிரோடு இருக்கும். 10 அளவுக்குக் கீழே போனால் சில நிமிடங்களில் இறக்கத் தொடங்கும். அடைப்பின் மையத்தில் இறந்த திசுவும், அதைச் சுற்றி, அக்கம்பக்கத்துச் சிறு தமனிகளின் வழியே கசிந்து வரும் ரத்தத்தைக் குடித்துக்கொண்டு, வேலை செய்யாமல் ஆனால் சாகாமல் இருக்கும் திசுவும் உண்டாவது இதனால்தான். கிரகணத்தின்போது முழு நிழலைச் சுற்றி விழும் மங்கல் நிழலின் பெயரையே இதற்கும் வைத்து, புறநிழல் என்கிறார்கள். தண்ணீர் வராமல் தலை சாய்ந்த நாற்றும் காய்ந்து சருகான நாற்றும் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். மடையைத் திறந்தால் முதலாவது நிமிரும், இரண்டாவது நிமிராது. பக்கவாதச் சிகிச்சை முழுவதும் இந்தத் தலை சாய்ந்த நாற்றுகளுக்காகத்தான். பெரிய தமனி ஒன்று அடைபட்டுச் சிகிச்சையின்றி விடப்பட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். பெரியப்பா வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகுமென்றால், அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

படிவத்துக்கு முன்னால் நடப்பவை

அறுபது வயதுள்ள ஒருவரை எண்ணிக்கொள்வோம். காலை ஆறரை மணிக்குக் காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவுகிறது. என்னவென்று கேட்ட மனைவிக்கு அவர் சொல்லும் பதில் சொல்லாகத் திரளவில்லை. தமிழ்நாட்டில் 108க்கும் இலங்கையில் 1990க்கும் உடனே அழைக்க வேண்டிய நேரம் இது. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் சில காரியங்கள் இந்த இடத்தில்தான் குறுக்கே வருகின்றன. மயக்கம் என்று நினைத்து வாயில் சோடாவை ஊற்றுகிறார்கள்; அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். மாரடைப்புக்குக் கொடுப்பார்களே என்று ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது அடைப்பா கசிவா என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிபி கூடிவிட்டது என்று நாக்கின் அடியில் மாத்திரை வைக்கிறார்கள். அழுத்தம் சட்டென்று விழுந்தால், ஒண்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும் அந்தப் புறநிழலுக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் நின்றுபோகும். புறா ரத்தம் தேய்ப்பது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதனால் போவது நேரம் மட்டும்தான், ஆனால் போனால் வராத நேரம் அது.

மருத்துவமனையில் முதலில் பார்ப்பது ஸ்கேன் அல்ல, விரல் நுனியில் குத்திச் சர்க்கரையின் அளவு. நீரிழிவு மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்குச் சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்தால் ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது எல்லாம் அச்சு அசலாக வரும். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பக்கவாதத்தைப் போல வேடமிடும் நிலைமைகள் இன்னும் சில உண்டு. வலிப்பு வந்து ஓய்ந்த பிறகு சில மணி நேரம் ஒரு கை அசையாமல் கிடக்கலாம். ஒற்றைத் தலைவலிக்கு முன்னோடியாக உணர்ச்சி மரத்துப்போகலாம். முகநரம்பு மட்டும் செயலிழக்கும் பெல்ஸ் பால்ஸியிலும் வாய் கோணும். அதைப் பிரித்தறிய நெற்றியைச் சுருக்கச் சொல்வார்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் ஆணை வருகிறது. எனவே மூளையின் ஒரு பாதி பழுதானாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நரம்பே பழுதானால் சுருங்காது, கண்ணும் சரியாக மூடாது. செலவில்லாத, மூன்று நொடியில் முடிகிற இந்தச் சோதனை பல குடும்பங்களின் பதற்றத்தைத் தணித்திருக்கிறது.

அடுத்து ஒரு கேள்வி வரும்: "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?" இதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். "இப்பதாங்க, ஒரு அரைமணி முன்னாடி" என்று மனைவி சொல்வது, அவர் கண்ணில் பட்ட நேரத்தை. மருத்துவர் கேட்பது, எந்தக் குறையும் இல்லாமல் அவர் கடைசியாகப் பார்க்கப்பட்ட நேரத்தை. நம் காபி டம்ளர்க்காரர் விழித்தபோது நன்றாக இருந்து, ஆறு மணிக்குச் செய்தித்தாளை எடுத்து வந்து பேசினார் என்றால் கடிகாரம் ஆறு மணியிலிருந்து ஓடும். விழிக்கும்போதே கை விழுந்திருந்தால், முந்தைய இரவு பத்து மணிக்குப் படுக்கப்போனதிலிருந்து ஓடும். ஊசியின் ஆபத்தும் பயனும் இந்த நேரத்தைப் பொறுத்தே மாறுவதால், அரைமணியைக் குறைத்துச் சொல்வது நோயாளிக்கு உதவி செய்வதாகாது. தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கும் இப்போது வழி இருக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் இரண்டு விதமான படங்களை ஒப்பிட்டு, பாதிப்பு சில மணி நேரத்துக்குள் ஏற்பட்டதுதான் என்று கண்டால் ஊசி போடலாம் என 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது.

பிறகு சிடி ஸ்கேன். படத்தில் மண்டையோடு வெள்ளை வளையமாகவும், மூளை சாம்பல் நிறமாகவும், நடுவே உள்ள நீர் அறைகள் கறுப்பாகவும் தெரியும். புதிதாகக் கசிந்த ரத்தம் இருந்தால், சாம்பல் நிறத்தின் நடுவே சுண்ணாம்பைச் சொட்டியது போல வெள்ளையாகத் தெரியும். பயிற்சி இல்லாதவரும் அதைக் கண்டுபிடித்துவிடலாம். அடைப்பு அப்படியல்ல. முதல் சில மணி நேரத்தில் படம் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும். கூர்ந்து பார்த்தால் சாம்பல் நிறத்தின் இரண்டு சாயல்களுக்கு இடையிலுள்ள எல்லை சற்று மங்கியிருக்கும், சிலருக்குக் கட்டி அடைத்த தமனியே ஒரு சிறு வெள்ளை நூலாகத் தெரியும். "ஸ்கேன் நார்மல்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய ஊசி?" என்று உறவினர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். அறிகுறி அப்படியே இருக்க, படத்தில் கசிவும் இல்லை, பெரிய கருமையும் இல்லை என்றால், பெரும்பாலும் அடைப்பு இருக்கிறது, திசுவில் பெரும்பகுதி இன்னும் சாகவில்லை என்று பொருள். இந்தச் சூழலில் 'நார்மல்' என்பது மருத்துவருக்குக் கிடைக்கும் மிக நல்ல செய்தி. லண்டனின் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் முதல் நோயாளிக்கு 1971 அக்டோபர் 1 அன்று இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதற்கு முன்பு, உயிரோடிருப்பவரின் மூளையில் நேர்ந்தது கசிவா அடைப்பா என்று சில நிமிடங்களில் பிரித்தறிய வழியே இல்லை. ஊசி பிறப்பதற்கு முன் இந்தப் படம் பிறக்க வேண்டியிருந்தது.

ஆறு எங்கிருந்து வந்தது

அமெரிக்க அரசின் தேசிய நரம்பியல் ஆய்வு நிறுவனம் 624 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1995 டிசம்பரில் வெளியானது. அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒரு பாதிக்கு ஆல்டிப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தையும், மறு பாதிக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துச் சத்து இல்லாத போலி மருந்தையும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு, நிலைமையை மோசமாக்கும் அளவுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. போலி மருந்து பெற்றவர்களில் அப்படி ஆனது 0.6 சதவீதம். படிவத்தில் இருக்கும் ஆறு இதுதான். தனியாகப் பார்த்தால் பத்து மடங்கு ஆபத்து. கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் அதே ஆய்வின் அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். மூன்று மாத முடிவில், மருந்து பெற்றவர்களில் 17 சதவீதமும் பெறாதவர்களில் 21 சதவீதமும் இறந்திருந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், ஊசி உயிரைக் காப்பாற்றியது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் கசிவு நேர்ந்தவர்களையும் சேர்த்தே எண்ணியும்கூட ஊசியால் இறப்பு கூடவில்லை என்று சொல்லலாம். அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு, குறை ஏதுமின்றியோ மிக லேசான குறையோடோ மீண்டவர்கள், ஆய்வின் இரண்டாம் பகுதியில், மருந்து பெற்றவர்களில் 39 சதவீதம், பெறாதவர்களில் 26 சதவீதம். இந்த 39 என்ற எண் கசிவுகளைக் கழித்த பிறகு மிஞ்சிய எண். படிவத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ஆறு பேரின் இழப்பை ஒரு கையிலும் பதின்மூன்று பேரின் ஆதாயத்தை மறு கையிலும் வைத்து மறுபடியும் கழித்துப் பார்க்க வேண்டியதில்லை, கழித்தாகிவிட்டது. ஊசி வேண்டாம் என்று மறுப்பதும் ஆபத்தில்லாத தேர்வு அல்ல. அந்தத் தேர்வுக்கு யாரும் படிவம் நீட்டுவதில்லை, அவ்வளவுதான்.

நேரம் கூடக்கூட இந்தத் தராசு சாய்கிறது. ஒன்பது ஆய்வுகளில் பங்கேற்ற 6,756 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 32.9 சதவீதம் பேர் நன்றாக மீண்டார்கள், போடாதவர்களில் 23.1. மூன்றிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால் 35.3க்கு எதிராக 30.1. அதற்குப் பிறகு 32.6க்கு எதிராக 30.6. அதாவது நூறு பேருக்குப் பத்துப் பேர் என்றிருந்த ஆதாயம் ஐந்தாகி, பிறகு இரண்டாகிவிடுகிறது. கசிவின் ஆபத்தோ எந்த நேரத்திலும் போவதில்லை. நாலரை மணி என்ற எல்லை பொதுவாகப் பின்பற்றப்படுவது இதனால்தான்.

கசிவு ஏன் நேர்கிறது என்று தெரிந்தால், மருத்துவர் கேட்கும் மற்ற கேள்விகளும் விளங்கும். ரத்தம் இல்லாமல் கிடந்த பகுதியில் நரம்பணுக்கள் மட்டுமல்ல, ரத்த நாளங்களின் சுவர்களும் நலிந்துபோகின்றன. வெகுநாள் வறண்டு வெடித்துக் கிடந்த வாய்க்காலில் மதகை முழுதாகத் திறந்தால் கரை உடைவது போல, அடைப்பு நீங்கி ரத்தம் பாயும்போது அந்தச் சுவர்கள் தாங்காமல் போகலாம். ஊசிக்கு முன் ரத்த அழுத்தத்தை 185/110க்குக் கீழே கொண்டுவருவதும், சிடியில் ஏற்கெனவே பெரிய பகுதி கறுத்திருந்தால் ஊசியைத் தவிர்ப்பதும் இதனால்தான். அண்மையில் பெரிய அறுவை நடந்ததா, தலையில் அடிபட்டதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற விசாரணையும் கரை எங்கெல்லாம் பலவீனமாக இருக்கிறது என்று பார்ப்பதற்கே. அறிகுறி மிக லேசாக, அன்றாடச் செயலைப் பாதிக்காத அளவில் இருந்தால் ஊசியின் ஆதாயம் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. அவர்களுக்கு மாத்திரைகளே போதும்.

ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது. ஆல்டிப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 63 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கான 6.3ஐ உடனே செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். டெனெக்டிப்ளேஸ் என்ற அடுத்த தலைமுறை மருந்தை ஒரே தடவையில் செலுத்திவிடலாம் என்பதால், ஆம்புலன்ஸில் வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர்களுக்கு அது வசதி. எடையைக் கேட்கும்போது குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

கட்டியை இழுத்தெடுப்பது

கழுத்து வழியே மூளைக்குள் நுழையும் பெரிய தமனியோ அதன் முதல் கிளையோ அடைபட்டிருந்தால், ஊசி மட்டும் பல நேரங்களில் போதாது; கட்டி அவ்வளவு பெரிது. அங்கே கட்டியை நேரடியாகப் போய் எடுக்க வேண்டும். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ தமனியில் துளையிட்டு, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை மகாதமனி வழியாகக் கழுத்துக்கும், அதற்குள் இன்னும் மெல்லிய குழாயை மூளைக்கும் செலுத்துகிறார்கள். எக்ஸ்ரே திரையில் மை பாய்ச்சிப் பார்க்கும்போது, தமனிகள் இலை உதிர்ந்த மரம்போலக் கிளை விரித்துத் தெரியும். அடைப்பு இருக்கும் இடத்தில் ஒரு கிளை வெட்டியது போல நின்றிருக்கும், அதற்கப்பால் வெறுமை. கட்டிக்குள் கம்பி வலை ஒன்றைச் செலுத்தி விரியவிட்டு, அதன் கண்ணிகளில் கட்டி சிக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் காத்திருந்து, பிறகு உறிஞ்சிக்கொண்டே மெல்ல வெளியே இழுப்பார்கள். மறுபடி மை பாய்ச்சினால் வெறுமையாக இருந்த இடத்தில் கிளைகள் நிறையும். வெளியே வந்த கட்டியைத் துணியில் வைத்துப் பார்த்தால், புளி கரைத்த பின் கையில் மிஞ்சும் சக்கைத் துணுக்கு அளவுதான் இருக்கும், அதே கருஞ்சிவப்பில். ஒரு மனிதரின் பேச்சையும் வலது கையையும் பறித்தது அந்தத் துணுக்கா என்று நம்பக் கடினமாக இருக்கும்.

நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்து, 2015 தொடக்கத்தில் அச்சான ஆய்வுதான் இந்த முறையின் பயனை முதலில் உறுதியாகக் காட்டியது. கட்டியை எடுத்தவர்களில் 32.6 சதவீதம் பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19.1 சதவீதம் பேரும் மூன்று மாதத்தில் பிறர் துணையின்றி வாழும் நிலைக்கு வந்தார்கள். அதே ஆண்டில் மேலும் நான்கு ஆய்வுகள் இதையே சொல்லின. புறநிழல் இன்னும் மிச்சமிருப்பதாக ஸ்கேன் காட்டினால் 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்யலாம் என்று 2018இல் தெரியவந்தது.

இந்தச் செயல்முறைக்கும் தனக்கே உரிய சிக்கல்கள் உண்டு. இழுக்கும்போது கட்டி உடைந்து ஒரு துணுக்கு பக்கத்துக் கிளைக்குள் போய் அடைத்துக்கொள்ளலாம். அந்த நெதர்லாந்து ஆய்விலேயே, கட்டி எடுக்கப்பட்டவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு மூளையின் புதிய பகுதியில் அடைப்பு ஏற்பட்டது, மற்றவர்களில் 0.4 சதவீதம் பேருக்குத்தான். கம்பியின் நுனி தமனியைத் துளைத்துவிட்டால், பாய்ச்சிய மை கிளைக்கு வெளியே புகைபோலப் பரவுவது திரையில் தெரியும்; அரிதான, ஆனால் அறையில் இருக்கும் எல்லோரையும் உறையவைக்கும் காட்சி. தமனியின் உட்சுவர் கிழியலாம், தமனி சுருங்கிக்கொள்ளலாம். துளையிட்ட தொடை இடுக்கில் ரத்தம் கட்டி வீங்கலாம். அது வெளியே தெரியாமல் வயிற்றின் பின்புறம் சேர்ந்தால், காரணம் புரியாத முதுகுவலியும் விழுந்துகொண்டே போகும் ரத்த அழுத்தமும்தான் அடையாளம். அதனால்தான் காலை மடக்காமல் படுக்கச் சொல்வதும், செவிலியர் அடிக்கடி வந்து பாதத்தில் நாடி பார்ப்பதும். இவற்றில் எதுவும் நேராமல் தமனி முழுதாகத் திறந்துவிட்டாலும் மனிதர் மீளாமல் போகலாம்; உள்ளே இருந்தவை காய்ந்த நாற்றுகளாக இருந்திருக்கும். இந்த ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கும் மருத்துவர்மீது எனக்கு மதிப்பு அதிகம்.

இங்கே 'சிக்கல்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிக்கல் நேர்ந்தாலே "ஆஸ்பத்திரியில கெடுத்துட்டாங்க" என்று சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. சரியான நோயாளிக்குச் சரியான நேரத்தில் சரியான அளவில் போட்ட ஊசிக்குப் பிறகும் கசியலாம். படிவம் சொன்னது அதைத்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கசிவு தொடங்கியபோது யார் கவனித்தார்கள், எவ்வளவு நேரத்தில் கவனித்தார்கள்? சிக்கலை ஒரு பிழையாக மாற்றுவது பெரும்பாலும் அந்த இடைவெளிதான்.

எதிர்த்திசையில் ஓடும் இரண்டு உதாரணங்கள்

இதே நிறுத்துப் பார்க்கும் முறை நரம்பியலின் வேறு இடங்களிலும் வருகிறது. மூளைக்கு வரும் தமனி அடைபடாமல், மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் சிரை அடைபடுவதும் உண்டு. பிரசவித்த சில வாரங்களுக்குள் இருக்கும் பெண்களுக்கு நாள்கணக்கில் கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு என்று வந்தால் இதை நினைக்க வேண்டும். வடிகால் அடைத்தால் தண்ணீர் மேலே தளும்புவதுபோல் ரத்தம் திசுவுக்குள் கசியும். ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். ஆனாலும் சிகிச்சை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின். கசிந்துகொண்டிருக்கும் மூளைக்கு உறைவைத் தடுக்கும் மருந்தா என்று யாரும் திடுக்கிடுவார்கள். 1991இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 20 பேர்தான் இருந்தார்கள்; ஹெப்பாரின் பெற்ற பத்துப் பேரில் ஒருவரும் இறக்கவில்லை, போலி மருந்து பெற்ற பத்துப் பேரில் மூவர் இறந்தார்கள், ஆய்வை அதற்கு மேல் தொடரவில்லை. கசிவுக்குக் காரணம் அடைப்பு, எனவே அடைப்பை நீக்குவதே கசிவுக்கும் மருந்து.

மற்றொன்று, முதுகுத் தண்டுவட நீர் எடுப்பது. மூளைக்காய்ச்சலா என்று பார்க்கவும், நொடியில் உச்சத்தைத் தொட்ட தலைவலிக்குப் பின் சிடி இயல்பாக இருந்தாலும் மூளை உறைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று அறியவும் இது தேவைப்படுகிறது. முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி என்ற அச்சத்தில் பலர் மறுத்துவிடுகிறார்கள். உண்மையில் அடிக்கடி வரும் தொல்லை தலைவலி: ஊசி போன துளை வழியே நீர் கசிந்து, எழுந்து உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் அடங்கும். பெரும்பாலும் சில நாளில் தானே போய்விடும். போகாவிட்டால் நோயாளியின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தையே துளைக்கு அருகில் செலுத்தி அடைப்பார்கள். மொண்ணையான நுனி கொண்ட ஊசியைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி வெகுவாகக் குறைகிறது.

முதல் 24 மணி நேரம்

கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு மணி நேரம் கால்மணிக்கொரு தடவையும், அடுத்த ஆறு மணி நேரம் அரைமணிக்கொரு தடவையும், பிறகு 24 மணி வரை மணிக்கொரு தடவையும் அவரைப் பார்ப்பார்கள். கையைத் தூக்கச் சொல்வார்கள், பெயரைக் கேட்பார்கள், அழுத்தம் 180/105ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். "தூங்க விடுங்களேம்மா, பாவம்" என்று உறவினர் கெஞ்சினாலும் செவிலியர் எழுப்பத்தான் செய்வார். தூக்கத்துக்கும் கசிவால் வரும் மயக்கத்துக்கும் வித்தியாசம் எழுப்பினால்தான் தெரியும். புதிதாகத் தலைவலி, வாந்தி, எழும்பாத கை இன்னும் தொய்வது, சட்டென்று ஏறும் அழுத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே சிடிக்குக் கொண்டுபோவார்கள். கசிவு உறுதியானால், உறைவுக்கு வேண்டிய புரதங்கள் நிறைந்த ரத்தப் பொருளை ஏற்றி, கரைந்துபோன உறையும் ஆற்றலை மீட்க முயல்வார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முந்திக் கண்டுபிடிக்கக்கூடிய சிக்கல் ஒன்று உண்டு. சிலருக்கு ஊசிக்குப் பின் நாக்கும் உதடும் வீங்கும், பெரும்பாலும் கை கால் விழுந்த அதே பக்கத்தில். பிபிக்காக ராமிப்ரில், எனாலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது அதிகம். வாய் ஏற்கெனவே கோணியிருப்பதால் வீக்கம் கண்ணில் படாமல் போகலாம். மூச்சுப்பாதை அடைபடும் முன் சொல்ல வேண்டும்.

இளம் வயதினருக்குப் பெரிய பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் இரண்டாம் மூன்றாம் நாளில் மூளை வீங்கலாம். மண்டையோடு விரிந்துகொடுக்காது என்பதால், ஒரு பக்க எலும்பில் பெரிய துண்டை எடுத்து வீக்கத்துக்கு வெளிவழி விடுவார்கள். எடுத்த எலும்பைப் பெரும்பாலும் அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்து, சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்துவார்கள். அறுபது வயது வரையிலானவர்களிடம் நடந்த மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்து 2007இல் பார்த்தபோது, 48 மணி நேரத்துக்குள் இந்த அறுவை நடந்தவர்களில் 78 சதவீதம் பேரும், நடக்காதவர்களில் 29 சதவீதம் பேரும் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தார்கள். பிழைத்தவர்களில் கணிசமானவர்களுக்கு நடக்கவும் உடுத்தவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. இங்கே எண்கள் வழிகாட்டுவதில் ஓரளவுதான் உண்டு. மிச்சத்தை, அவர் எப்படி வாழ விரும்புவார் என்று அறிந்த குடும்பம்தான் சொல்ல முடியும்.

நம் காபி டம்ளர்க்காரருக்கு அப்படி எதுவும் நேரவில்லை என்று கொள்வோம். மறுநாள் அதே நேரத்தில் இரண்டாவது சிடி எடுப்பார்கள். அதில் சுண்ணாம்புச் சொட்டு ஏதும் இல்லையென்றால்தான், அதுவரை நிறுத்தி வைத்த ஆஸ்பிரினைத் தொடங்குவார்கள். ஆஸ்பிரின் மாத்திரை; அதை விழுங்க வேண்டும். எனவே அதற்கும் முன்னால் செவிலியர் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, "ஐயா, ஆ-ன்னு சொல்லுங்க" என்பார். இருமல் வராமல், குரல் கொழகொழவென்று ஈரமாகாமல் வந்தால், அடுத்த ஸ்பூன்.